ஊரை நினைத்துக் கேட்ட பாட்டு

1973-ல் பம்பாயில் ‘யாதோன் கீ பாராத்’ என்றோர் இந்திப் படம் வெளியாயிற்று. நாசிர் உசேன் எடுத்த படம், ஆர்.டி. பர்மன் இசை. பெற்றோரைப் பறிகொடுத்துத் திக்குக்கொருவராகச் சிதறிப்போன மூன்று சகோதரர்களின் கதை. கடைசியில் அவர்கள் எதைக் கொண்டு ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்? மச்சமல்ல, தாயத்துமல்ல. சிறு வயதில் வீட்டில் கூடிப் பாடிய ஒரு பாட்டு! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975-ல், அதே கதை ‘நாளை நமதே’ என்று தமிழுக்கு வந்தது. எம்.ஜி.ஆர். இரட்டை வேடம், எம்.எஸ். விஸ்வநாதன் இசை.

இரண்டையும் பார்த்தவர்கள் பம்பாய்த் தமிழர்களில் ஏராளம். ஊரில் இருப்பவருக்கு அது ஒரு சினிமாக் கதை. திருநெல்வேலிச் சீமையிலோ சேலத்திலோ பெற்றவர்களை விட்டு, தம்பியை விட்டு, தாராவியில் ஒரு மூலையில் பாய் விரித்துப் படுத்தவருக்கு அது வெறும் கதையாக இருந்திருக்க முடியாது. பாட்டைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது அவர் தினமும் செய்த காரியம். கூட்டம் நெரியும் லோக்கல் ரயிலில் யாரோ ஒருவர் வாய்க்குள் முணுமுணுக்கிற மெட்டைக் கேட்டுவிட்டு, “நீங்க எந்த ஊரு அண்ணாச்சி?” என்று கேட்டதில் தொடங்கிய பழக்கம், பிறகு சம்பந்தம் பேசுகிற வரைக்கும் போனதும் உண்டு.

கோலியில் பத்துப் பேர், ரேடியோ ஒன்று

தாராவியில் தோல் கிடங்குகளுக்கு வேலைக்கு வந்தவர்கள், தள்ளுவண்டியில் இட்லி விற்க வந்தவர்கள், சுருக்கெழுத்தும் தட்டச்சும் பயின்று கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு வந்தவர்கள் என்று தமிழர்கள் இந்நகருக்கு வந்த வழிகள் பல. ஆனால் வந்த முதல் சில ஆண்டுகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கோலி என்று இங்கே சொல்லும் ஒற்றை அறை. அதில் ஒரே ஊர்க்காரர்கள் எட்டுப் பேர், பத்துப் பேர். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுப்பார். அப்படிப்பட்ட அறைக்குப் பொதுச் சொத்து மூன்று: ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு தண்ணீர் டிரம், ஒரு டிரான்சிஸ்டர்.

அந்த டிரான்சிஸ்டரின் சரித்திரம் சுவாரஸ்யமானது. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் பெரும் பற்றுடையவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றே போயிற்று. நம் நாட்டு வானொலி கதவைச் சாத்தியதும் மக்கள் கொழும்பு வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். அந்த 1952-லேயே இலங்கை வானொலியில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. நிகழ்ச்சியை நடத்திய அமீன் சயானி பம்பாய்க்காரர். ‘சகோதரிகளே’ என்று பெண்களை முதலில் விளித்து, அப்புறந்தான் ‘சகோதரர்களே’ என்பார். 2024-ல் அவர் மறைந்தபோது, இந்தியே அரைகுறையாகத் தெரிந்த தமிழ்க் கிழவர்கள்கூட வருந்தினார்கள் என்றால், அவர்கள் இந்தி பழகியதே அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்பது காரணம். 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அகில இந்திய வானொலி தன் ரசிகர்களை மீட்க வேண்டியதாயிற்று.

தமிழுக்கு விவித் பாரதி போதுமா? பம்பாயில் அதில் கேட்பது பெரும்பாலும் இந்திப் பாட்டு. ஆகவே இரவு வந்தால் சிற்றலை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தென் தமிழ்நாட்டில் பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கும். இங்கேயோ அலை ஏறும், இறங்கும், காற்றில் கரைந்துபோகும். நடுவில் ஏதோ ஒரு நாட்டின் செய்தி புகுந்து கொள்ளும். ரேடியோவைத் தலைமாட்டில் வைப்பதா, ஜன்னல் கம்பியில் கம்பியைக் கட்டி இழுப்பதா என்று அறைக்குள் விவாதமே நடக்கும். மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் ஒரு தலைமுறைக்கே உறவுக்காரர்கள். பாதிப் பாட்டு இரைச்சலில் போனாலும் குறையில்லை. மீதியைக் கேட்பவரே மனத்துக்குள் பாடி நிரப்பிக் கொள்வார். இதில் இன்னொரு சங்கடம் லைசென்சு. எண்பதுகளின் நடு வரையில் ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். பத்துப் பேர் அறையில் அது யார் பெயரில் என்பது சின்ன விஷயமல்ல.

சத்தமாக வைப்பதிலும் யோசனை வேண்டியிருந்தது. 1966-ல் சிவசேனை தொடங்கிய காலத்தில் அதன் முதல் குறி அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர்கள்தாம். ‘மார்மிக்’ வார இதழ் பெரிய உத்தியோகங்களில் இருந்த தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. லுங்கி கட்டியவனைக் கேலி செய்யும் கோஷம் தெருவில் எழுந்த நாளில், தமிழ்ப் பாட்டை எத்தனை சத்தத்தில் வைப்பது என்பதும் புத்தி உபயோகித்துச் செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது. குரலை இறக்கி, காதோரம் வைத்துக் கேட்ட பாட்டு நெஞ்சுக்குள் இன்னும் ஆழமாக இறங்கியதில் வியப்பில்லை.

சுவிஸ் சிப்பாய்களின் நோய்

பாட்டு கேட்டால் ஏன் ஊர் ஞாபகம் வருகிறது? இது நம்மவர்க்கு மட்டும் உள்ள பலவீனமல்ல. ஊர் ஏக்கத்துக்கு ஒரு வைத்தியப் பெயரே வைத்தார் ஐரோப்பாவில் ஒரு மாணவர். 1688-ல் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்பவர் எழுதிய மருத்துவ ஆய்வுரையில்தான் ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல் பிறந்தது. வீடு திரும்புதல், வேதனை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்துச் செய்த சொல். வெளிநாட்டு மன்னர்களிடம் கூலிக்குச் சண்டை போடப் போன சுவிட்சர்லாந்துச் சிப்பாய்கள், தங்கள் மலையில் மாடு மேய்ப்பவர்கள் பாடும் மெட்டைக் கேட்டால் அழுவார்களாம், பட்டாளத்தை விட்டு ஓடுவார்களாம், சிலர் இறந்தே போவார்களாம். அதனால் அந்த மெட்டை வாசிப்பதற்கே தடை இருந்தது என்று 1768-ல் வெளிவந்த தம் இசை அகராதியில் ரூஸோ எழுதினார். அதோடு அவர் ஒரு நுட்பமான விஷயத்தையும் சொன்னார்: அந்த மெட்டில் மந்திரம் ஏதுமில்லை, அந்நியருக்கு அது வெறும் சத்தம், கேட்பவனுக்குள் அது எழுப்புகிற பழக்கவழக்கங்களும் இளமையும்தான் அவனை அழவைக்கின்றன.

ரூஸோ சொன்னதைத் தாராவியில் ஆடி மாதத்தில் சோதித்துப் பார்க்கலாம். மாரியம்மன் கொடைக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டி எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டைப் போட்டவுடன், அடுத்த சந்தில் பானை வனையும் குஜராத்திக் குயவருக்கு அது ஒரு பண்டிகைச் சத்தம். அந்தோணியார் மாலை அணிந்த தூத்துக்குடிக்காரருக்கு? அவர் அம்மனைக் கும்பிடுபவரல்லர். ஆனாலும் ஒரு நிமிஷம் நின்று விட்டுத்தான் போவார். நாகூர் ஹனீபாவின் கணீரென்ற குரலுக்குப் பொட்டு வைத்தவர்கள் தலையாட்டுவதும் அப்படித்தான். ஊரில் மூன்று தெருவிலும் மூன்று ஒலிபெருக்கி. தெருக்கள் பிரிந்திருந்தாலும் காற்று பிரிந்திருக்கவில்லை அல்லவா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பம்பாய்த் தமிழர் என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே தவிர, ரசனையில் அவர்கள் ஒரே கூட்டமல்லர். மாட்டுங்காவும் செம்பூரும் கச்சேரி கேட்ட ஊர்கள். 1952-ல் அமைந்த ஷண்முகானந்த சபை 1963-ல் கட்டிய மண்டபம் நாட்டிலேயே பெரிய அரங்குகளில் ஒன்று. 1990-ல் தீப்பிடித்துப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தபோது மாட்டுங்கா தாய் வீட்டை இழந்தது போலத் தவித்தது. செம்பூர்ச் சேடா நகர் முருகன் கோயிலில் திருப்புகழ், மார்கழியில் பஜனை. சாலையைக் கடந்து தாராவிக்குள் நுழைந்தால் சினிமாப் பாட்டு, வில்லுப்பாட்டு, பறை, சாமியாட்டம். நடந்தே போகும் தூரந்தான். ஆனாலும் இரு தரப்பும் ஒருவர் பாட்டை ஒருவர் நிதானமாக உட்கார்ந்து கேட்டது குறைவு. சாதியும் சம்பளமும் ஊரோடு நின்றுவிடவில்லை, ரயிலேறிக் கூடவே வந்தன. இரண்டு கூட்டமும் ஒரு கூரையின் கீழ்க் கலந்த இடம் கிங்ஸ் சர்க்கிளில் இருந்த அரோரா தியேட்டர். அங்கே தமிழ்ப் படம் ஓடிய காலத்தில், பால்கனியில் வங்கி எழுத்தர் குடும்பமும் கீழே தோல் கிடங்குத் தொழிலாளியும் ஒரே பாட்டுக்குத் தாளம் போட்டார்கள். வெளியே வந்ததும் அவரவர் வழி.

அறுபது நிமிஷ நாடா

எழுபதுகளின் முடிவில் டேப் ரிக்கார்டர் வந்தது. வளைகுடா போய்த் திரும்பிய மச்சான் கையில் ‘டூ-இன்-ஒன்’ இல்லாமல் சஹார் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அவமானம் என்ற காலம். ரேடியோ கொடுத்ததைக் கேட்டது போய், வேண்டியதைக் கேட்கலாம் என்றாயிற்று. 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்து சேர்ந்ததும் அதே சமயத்தில்தான். பம்பாய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. அதற்கு முன் சில ஆண்டுகள் தமிழ்நாட்டிலேயே கல்லூரி மாணவர்கள் ‘ஆராதனா’, ‘பாபி’, ‘ஷோலே’ பாட்டுகளைத்தான் முணுமுணுத்துக் கொண்டிருந்தார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகிற பம்பாய்க்காரருக்கு அதனால் தனி மதிப்பு. பாட்டுக்கு அர்த்தம் சொல்லக் கூடியவர் அவர் ஒருவர்தானே! அன்னக்கிளிக்குப் பிறகு நிலைமை தலைகீழாயிற்று. ஊருக்குப் போகிறவர் அங்கிருந்து பாட்டு கொண்டு வரத் தொடங்கினார்.

கொண்டு வந்த விதம் இப்போதைய பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். திருநெல்வேலியிலோ கோவில்பட்டியிலோ பாட்டுப் பதியும் கடை இருக்கும். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, காலிக் கேசட்டோடு கொடுத்துவிட்டு, ரயில் ஏறும் நாளுக்கு முன் வாங்கிக்கொள்ள வேண்டும். அறுபது நிமிஷ நாடாவில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு அடங்கும். தொண்ணூறு நிமிஷ நாடா மெல்லியது, சிக்கிக்கொள்ளும் என்று கடைக்காரர் எச்சரிப்பார். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். அதைக் கேட்டுக் கேட்டு, பிற்பாடு முழுப் பாட்டையும் கேட்கும்போது அந்த இடத்தில் மனம் தானாக நின்றுவிடும். நாடா சிக்கினால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றுவது ஒரு கைத்தொழில். சில குடும்பங்களில் கேசட்டின் மறுபக்கத்தில் அம்மாவின் குரலும் இருக்கும். “ராசா, சாப்பிட்டியா, ஒடம்ப பாத்துக்கோ, மாசி மாசக் கொடைக்கு வந்துரு.” எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அது தபால். பணமுடையில் அதன்மேல் வேறு பாட்டைப் பதிந்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்களின் கதை இந்நகரில் ஒன்றிரண்டல்ல.

மாட்டுங்காவில் கிரி டிரேடிங் போன்ற கடைகளில் பஞ்சாங்கத்தோடும் விபூதியோடும் பக்திப் பாடல் கேசட்டுகள் கிடைத்தன. தாராவிக் குறுக்குச் சாலைகளில் சினிமாக் கேசட்டு. படம் அரோராவுக்கு வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிடும். படம் பார்க்காமலே பாட்டுக்குக் காட்சியைக் கற்பனை செய்துகொண்டு, பிறகு படத்தைப் பார்த்து ஏமாந்ததும் உண்டு. அந்தக் கற்பனையில் கதாநாயகன் நடந்தது பெரும்பாலும் அறுபது அடி ரோட்டில்தான்!

சுராங்கனியும் பைக்குல்லா உஷாவும்

சினிமாவுக்கு வெளியேயும் பாட்டு இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். எழுபதுகளில் இலங்கைத் தமிழர்கள் ‘பொப் இசை’ என்று ஒன்றைக் கிளப்பினார்கள். நித்தி கனகரத்தினம் அதற்கு முன்னோடி; ஏ.ஈ. மனோகரன் அதை அக்கரையிலிருந்து இக்கரைக்குக் கொண்டுவந்தார். மீன் கொண்டுவந்து சுராங்கனியைக் கூப்பிடும் சிங்களப் பல்லவி பட்டிதொட்டி எங்கும் பரவியது. 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவும் அதை எடுத்தாண்டார். அந்தத் துள்ளல் போர்த்துக்கீசியர் காலத்தில் இலங்கையில் வேர்விட்ட பைலாவின் துள்ளல். போர்த்துக்கீசியர் கோவாவையும் பாந்திராவையும் ஆண்டவர்கள்தாமே! கோவாக்காரர்களின் கல்யாண வாத்தியத்தைக் கேட்டுப் பழகிய பம்பாய்த் தமிழனுக்குச் சுராங்கனி முதல் தடவையிலேயே தெரிந்த முகமாக இருந்ததில் அதிசயம் என்ன? மனோகரன் 2018-ல் சென்னையில் காலமானார்.

இந்தியாவின் பாப் இசைக்கே ஒரு தமிழ்ப் பெண்ணை பம்பாய் கொடுத்திருக்கிறது. உஷா உதூப் 1947-ல் இங்கே பிறந்து, பைக்குல்லாவில் பள்ளிக்குப் போன தமிழ்ப் போலீஸ் அதிகாரியின் மகள். அவருடைய கனத்த குரல் பள்ளியின் பாட்டு வகுப்புக்கு ஒத்துவரவில்லை என்று ஒதுக்கினார்கள். அதே குரலோடு 1969-ல் சென்னை மவுண்ட் ரோடு ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில், காஞ்சிபுரம் பட்டுப் புடவையும் பூவும் பொட்டுமாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினார். 2024-ல் பத்மபூஷண்.

எழுத்தர்கள் பெருமைப்பட இன்னொருவர் உண்டு. வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் ஸ்டேட் வங்கி ஊழியர். 1969-ல் திருமணமாகிப் பம்பாய்க்கு வந்தவர், வேலையோடு உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி கற்றார். 1971-ல் ‘குட்டி’ இந்திப் படத்தில் வசந்த் தேசாய் இசையில் பாடியதும் நாடே திரும்பிப் பார்த்தது. பேரேட்டைப் புரட்டிய கை அப்புறம் மூன்று தேசிய விருதுகளை வாங்கியது. 1975-ல் ‘மேல்நாட்டு மருமகள்’ படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் இவ்விருவருமே பாடியிருக்கிறார்கள்: மேல்நாட்டுப் பாணிக்கு உஷா, நம் சங்கீதத்துக்கு வாணி. இரண்டு பேருக்கும் பம்பாய் வாசம்!

இசைக் குடும்பத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்த ஹரிஹரனும், செம்பூர் சங்கர் மகாதேவனும் பின்னால் வந்தவர்கள். ஹரிஹரன் முதலில் பாடிய ‘கமன்’ (1978) என்ற இந்திப் படம் உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு டாக்சி ஓட்டுநரின் கதை. 1996-ல் லெஸ்லி லூயிஸோடு சேர்ந்து அவர் கொடுத்த ‘கலோனியல் கசின்ஸ்’ தொகுப்பையும், 1998-ல் சங்கர் மகாதேவனின் ‘பிரெத்லெஸ்’ பாட்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அவர்களுக்கும் ‘அந்தக் காலம்’ என்று ஒன்று வந்துவிட்டது!

ஊருக்குத் திரும்பியவரின் இந்திப் பாட்டு

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 1989-ல் ஹால்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வயதினரையும் கூட்டி, பல ஆண்டுகளில் வெளிவந்த பாட்டுகளைப் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். தங்களுக்கு 24 வயது வாக்கில் வெளியான பாட்டுகளுக்கே பெரும்பாலும் அதிக மதிப்பெண் கிடைத்தது. பிற்பாடு வந்த பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

பம்பாய்த் தமிழருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1976-ல் பதினெட்டு வயதில் தகர டிரங்குப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கியவருக்கு 24 வயது எப்போது? 1982-ல். அப்போது அவர் ஊரில் இல்லை! ‘மூன்றாம் பிறை’யையும் ‘பயணங்கள் முடிவதில்லை’யையும் அவர் கேட்டது தாமிரபரணிக் கரையில் அல்ல; இரும்பு ஏணி வைத்து ஏறும் மாடி அறையில், கீழே தோல் வாடையும் மழைக்காலச் சகதியும் நாறிக்கொண்டிருக்க, பத்துப் பேர் நடுவில். வரப்பும் வாய்க்காலும் ஆற்றங்கரையும் பாட்டின் சொற்களில் இருக்கும். ஆனால் அறுபது வயதில் அதே பாட்டைக் கேட்டால் அவர் கண்ணில் வருவது மாடி ஏணி, தண்ணீர் டிரம், இறந்துபோன அறைத் தோழன், இரண்டு ரூபாய்க்குப் பங்கிட்டுச் சாப்பிட்ட பாவ்பாஜி. ஊரை நினைத்துக் கேட்ட பாட்டு, கேட்டுக் கேட்டுப் பம்பாயின் பாட்டாகிவிட்டது. அதை அவர் தாமே உணர்வதுகூட வெகு காலம் கழித்துத்தான்.

எப்போது உணர்கிறார்? ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின். வீடு கட்டி, கிணறு வெட்டி, திண்ணையில் உட்கார்ந்தாயிற்று. தமிழ்ப் பாட்டு எங்கும் ஒலிக்கிறது, தெவிட்டும் வரை. ஒரு நாள் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் யாரோ வடநாட்டுத் தொழிலாளியின் கைபேசியிலிருந்து கிஷோர் குமாரின் பழைய பாட்டு ஒன்று வருகிறது. பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய் அந்தப் பையனிடம், “கஹான் ஸே ஹோ பேட்டா?” என்று கேட்கிறார். ஜார்க்கண்டோ பீகாரோ, அவன் பதில் சொல்கிறான். அவனுக்கு அது ஊர்ப் பாட்டு. இவருக்கும் அது ஊர்ப் பாட்டுத்தான். ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கு மட்டும் இவர் ஏன் அவனோடு அரை மணி நேரம் பேசுகிறார் என்று விளங்குவதில்லை.

இந்த இரட்டை வாழ்வை சினிமாவும் ஒரு முறை தொட்டது. 1981-ல் கே. பாலசந்தர் எடுத்த ‘ஏக் தூஜே கேலியே’ படத்துக்கு எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடுவதை லட்சுமிகாந்த்–பியாரேலால் முதலில் தயங்கினார்கள். தென்னாட்டு வாய்க்கு இந்தி வருமா என்ற சந்தேகம். கதாநாயகனே தமிழன்தானே, கொஞ்சம் தமிழ் வாடை அடித்தால் அடிக்கட்டும் என்றார் பாலசந்தர். தேசிய விருது கிடைத்தது. தினமும் அலுவலகத்தில் தன் இந்தி உச்சரிப்புக்காகக் கேலி கேட்டுக்கொண்டிருந்த எழுத்தர்களுக்கு அந்த ஆண்டு தலை நிமிர்ந்தது. அடுத்து 1983-ல் மூன்றாம் பிறையே ‘சத்மா’வாக இந்திக்கு வந்தபோது, “இது எங்க ஊரு மெட்டு” என்று பக்கத்து மராத்திக்காரரிடம் சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு.

பேரன் பாடும் தமிழ்

பாட்டைக் காப்பாற்றியது கேசட்டல்ல, அறைதான். அந்த அறைகளின் நாட்கள் இப்போது எண்ணப்படுகின்றன. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யார் தகுதியுள்ளவர், யார் எந்த ஆண்டு வந்தவர், தரைத்தளமா மாடியா என்று தாள் தாளாகக் கேட்கிறார்கள். மாடியில் இருப்பவருக்கு நிலை இன்னும் கடினம். தாராவிக்கு வெளியே போக நேரிடும். பரணைக் காலி செய்யும்போது கீழே வருகிற அட்டைப் பெட்டியில் கேசட்டுகள் இருக்கின்றன. மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, ஓட்டுகிற கருவியும் இல்லாமல். பழைய இரும்பு, காகிதம் வாங்குகிறவர் பிளாஸ்டிக்கை எடை போட்டு எடுத்துக்கொள்கிறார். பாட்டு எல்லாம் கைபேசியில் கிடைக்கிறதே என்று மகன் சொல்கிறான். உண்மைதான், பாட்டு கிடைக்கிறது. பாதியில் அறுந்து நிற்கும் பாட்டு கிடைப்பதில்லை. மறுபக்கத்துக் குரலும் கிடைப்பதில்லை.

பெயரனுக்கோ வேறு பாட்டு. 2018-ல் பா. ரஞ்சித் இயக்கிய ‘காலா’ திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பத்தின் கதை. ரஜினிகாந்த் நடித்த அந்தப் படத்தில், சந்தோஷ் நாராயணன் இசையில், தாராவியிலேயே வளர்ந்த ‘டோப்படெலிக்ஸ்’ குழுவினர் ராப் பாடினார்கள். தமிழும் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற தெருவின் பிள்ளைகள் அவர்கள். 1987-ல் ‘நாயகன்’ எடுத்தபோது தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி அரங்கமாகக் கட்ட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்துத் தாராவி தன் குரலிலேயே பேசிற்று. பெரியவர்களுக்கு அந்தச் சத்தம் பிடிப்பதில்லை. மெட்டே இல்லையே என்கிறார்கள். எம்.கே.டி.யைக் கேட்டு வளர்ந்த அவர்கள் தகப்பனார் சுராங்கனியைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்.

ஆனால் சந்திப் பிள்ளையார் கோயில் விழாவுக்கோ பொங்கல் மேடைக்கோ பேரன் பாட வேண்டி வந்தால், தாத்தாவின் பாட்டைத்தான் கேட்டு வருகிறான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தாத்தாவின் பிள்ளைகள் படித்தார்கள்; பேரன் ஆங்கிலப் பள்ளி. தமிழ் எழுத்து தெரியாது. கைபேசியில் பாட்டைப் போட்டு நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொற்களை இந்தி எழுத்தில் நோட்டில் எழுதிக் கொள்கிறான். மராத்தி எழுத்தில் ளகரம் இருக்கிறது, பிழைத்தோம். ழகரத்துக்குத்தான் வழியில்லை, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு வைக்கிறான். வட்டம் வரும்போதெல்லாம் தாத்தா நாக்கை மடித்துக் காட்டுகிறார்.

அப்புறம் அர்த்தம். “கம்மாய்னா என்ன தாத்தா?” தாத்தா சற்று யோசிக்கிறார். எழுபது வயதில் அவரும் கம்மாயைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. “பவாய் ஏரி இருக்குல்ல, அதுபோல. ஆனா அம்புட்டுப் பெருசில்ல. கரையில ஆலமரம் நிக்கும்.” பேரன் நோட்டில் அந்தச் சொல்லுக்கு நேராக ‘பவாய்’ என்று எழுதிக்கொண்டு, அடுத்த வரிக்குப் போகிறான்.